கஜீவன்ரை முட்டை

"கஜீவன்! வெளியாலை வாடா. உன்ரை முட்டையாலை என்ரை வள்ளம் கிழிஞ்சு கிடக்கு!"

நாகலிங்கத்தாரின் குரல். அந்த முட்டைக்குள்ளே ஏணியில் நின்று சில்லுகளுக்குக் கிறீஸ் பூசிக்கொண்டிருந்த கஜீவனின் கை அப்படியே நின்றது. கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் காலமை எட்டு மணிக்கு ஒருவனின் வளவுக்குள் வந்து கத்துகிறாரென்றால் தேத்தண்ணி குடிக்க வந்திருக்கமாட்டார்.

சின்னக் கதவால் குனிந்து வெளியே வந்தான். வேலிப் படலைக்கு இந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு பேர். நாலு பேர் கையில் கடப்பாரைபோல நீண்ட அலவாங்கு. ஒருவன் தோளில் வடக்கயிறு.

"என்னண்ணை நடந்தது?"

"விடியப்புறம் முதலாவதாய்க் கரைக்கு வந்தவன் லக்ஷன். வள்ளத்தைக் கடலுக்குள்ளை கிடக்கிற முருகைக்கல்லிலை ஏத்திப்போட்டான். அடி கிழிஞ்சு, கையும் முறிஞ்சு, இப்ப ஆசுப்பத்திரியிலை கிடக்கிறான்."

லக்ஷன் அவருடைய ஒரே மகன். கஜீவனோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன்.

"ஐயோ! வள்ளத்தை இஞ்சை கொண்டாங்கோ அண்ணை. ரெண்டு நாளிலை ஒட்டித் தாறன்."

"வள்ளத்தைப் பிறகு ஒட்டலாம். முதல்லை உந்த முட்டைக்கு ஒரு வழி சொல்லு."

கஜீவன் திரும்பித் தன் முட்டையைப் பார்த்தான். பைபர் வள்ளம் திருத்துகிறவன் அவன். அதே பைபரில் வானம் பார்க்கிற கூடு ஒன்றை அரைக்கோளமாக வார்த்து, நடுவில் திறந்து மூடுகிற வாசல் வைத்து, உள்ளே தொலைநோக்கியைப் பூட்டி, ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அதிலே கொட்டியிருந்தான். பைபர் தூள் பட்டுத் தோல் சொறிந்து புண்ணானதுதான் கண்ட சம்பளம். வானம் பார்க்கப் பிறந்தவனில்லை, பார்க்க ஆசைப்பட்டவன்.

கடற்கரையோரம் வெள்ளை வெளேரென்று அது எழும்பிய நாளிலிருந்து ஊருக்குப் பகிடி. "எப்பவடா குஞ்சு பொரிக்கும்?" என்று தொடக்கிவைத்ததே நாகலிங்கத்தார்தான். அபசகுனம், அகற்றவேண்டும் என்று பிரதேச சபைக்கு இரண்டு மனுக் கொடுத்தவரும் அவர்தான்.

பழைய இடத்தில் புதுத் தெருவிளக்கின் வெளிச்சம் வானத்தை மறைத்தது. நேற்றுத்தான் அதற்கு ஒரு விடிவு வந்திருந்தது. வெளிச்சம் விழாத வளவின் மேற்கு மூலையில் முன்கூட்டியே போட்டு இறுகவிட்ட சீமெந்து வட்டத்துக்கு, பட்டறைப் பெடியள் ஆறு பேரோடு தூக்கி மாற்றினான். இரும்புப் பாதை, எட்டுச் சில்லு. முந்தி அதைச் சுற்ற இரண்டு பேர் தம் பிடித்துத் தள்ளவேண்டும். நேற்று அவன் மனைவி தக்சாயினி ஒற்றைக் கையால் சுற்றிவிட்டுச் சிரித்தாள்.

இப்போது அவள் அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"கல்லிலை ஏத்தினது உங்கடை மோன். பழி என்ரை மனுசன்ரை தலையிலையோ?"

"நீ பேசாமல் இரு பிள்ளை. நான் உன்னோடை கதைக்க வரேல்லை."

"என்ரை வளவிலை நிண்டுகொண்டு என்னோடை கதைக்காமல் ஆரோடை கதைக்கப்போறியள், முட்டையோடையோ?"

பின்னால் ஒருவன் சிரித்தான். நாகலிங்கத்தார் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"கஜீவன், ஒரே சொல்லுத்தான். பொழுது படமுன்னம் உது உந்த இடத்திலை இருக்கக்கூடாது."

"சபையிலை அனுமதி எடுத்தனான் அண்ணை. கடிதம் இருக்கு."

"கொண்டுபோய்க் கடலுக்கு வாசிச்சுக் காட்டு."

"நேற்றுத்தான் பூட்டினது. எல்லாம் ஆணியடிச்சு இறுக்கியாச்சு."

"கிளப்பலாம். அதுக்குத்தான் அலவாங்கு."

கஜீவன் அலவாங்குகளைப் பார்த்தான். அடிப்பதென்றால் ஒரு அடி போதும். பைபர் வெடித்தால் வெடிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். அது அவனுக்குத் தெரியும், வந்து நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

"ஒரு சங்கத் தலைவர், சகுனம் பாத்து ஒருத்தன்ரை பாடுபட்ட பொருளிலை கை வைக்கலாமோ?" என்றான் கஜீவன்.

நாகலிங்கத்தார் சால்வையால் கழுத்தைத் துடைத்தார்.

"கயித்தைப் போடுங்கோடா!"

இரண்டு பேர் நடந்து வந்தார்கள். கஜீவன் பின்வாங்கி, சின்னக் கதவில் முதுகை அழுத்தி, இரண்டு கையையும் விரித்தான். தக்சாயினி பக்கத்தில் வந்து நின்றாள். அவன் கத்தினான்:

"முதல்லை என்ரை கையை முறியுங்கோ. பிறகு இதை உடையுங்கோ!"

"உடைக்கவோ?"

நாகலிங்கத்தார் திகைத்துப்போனார். வந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். அவருடைய குரல் சட்டென்று இறங்கியது.

"உதை எடுக்கச் சொல்லி மனுக் குடுத்திட்டு, இதை எந்த முகத்தோடை வந்து உனக்குச் சொல்லுறது? மூண்டு வருசமாய் உன்ரை முட்டையையும் கோயில் கோபுரத்தையும் ஒரு நேரிலை பிடிச்சுத்தான் ஊரிலை அத்தனை வள்ளமும் கல்லுக்குள்ளாலை கரைக்கு வருது. பொழுது பட்டால் பெடியள் கடலுக்குப் போயிடுவாங்கள், பழைய இடத்திலை தூக்கி வையடா!"