ஒரு வரிக்கு விழுந்த அடி

இரண்டாவது அடி காதைக் கிழித்துக்கொண்டு தோளில் இறங்கியபோதுதான் பாலசுந்தரம் திரும்பிப் பார்த்தார். விறகுக் கட்டையோடு நின்றது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் சிதறியது. ஒரு பொம்பளை கை நீட்டுகிறாள் என்றால் அந்த ஆள் ஏதாவது தப்புத்தண்டா செய்திருப்பான் என்று நினைத்தார்களோ என்னவோ, விலக்கிவிட ஒருத்தரும் வரவில்லை.

மூன்றாவது அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினார். சுண்டுவிரல் முறிந்தது. நான்காவது அடி வாயில் விழ, ரத்தத்தோடு ஒரு பல் தரையில் தெறித்தது.

யார் ஏவிய ஆள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவானாலும், திருச்சி வாரப் பத்திரிகையில் அவர் எழுதும் சினிமா விமர்சனத்துக்குச் சுற்றுவட்டாரத்தில் மதிப்பு உண்டு. மேலதிகாரியைச் சுட்டுக் கொன்ற சிப்பாயை ராணுவக் கோர்ட் விசாரிக்கும் படம் ஒன்று, எண்பத்திரண்டு தீபாவளிக்கு வந்தது. எல்லாப் பத்திரிகையும் தலையில் வைத்துக் கொண்டாட, அவர் மட்டும் அத்தனையும் பொய் என்று கிழித்திருந்தார். அதை ஓட்டிய பெரம்பலூர்க் கொட்டகையில் கூட்டம் குறைந்துவிட்டது. எழுதின கையை ஒடிக்காமல் விடமாட்டேன் என்று கொட்டகைக்காரர் சின்னதுரை டீக்கடையில் கறுவியதும் அவர் காதுக்கு வந்திருந்தது.

ஆனால் ஓடிவந்து கட்டையைப் பிடுங்கியதே சின்னதுரைதான். அவள் சின்னதுரையின் மணிக்கட்டைப் பல் பதியக் கடித்த பிறகுதான் கட்டையை விட்டாள்.

"இந்தம்மா மூணு நாளா மேட்னிக்கு வருது. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் சின்னதுரை, வழியும் ரத்தத்தைத் துடைத்தபடி.

ஏட்டு சாமிதுரை எல்லாரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார். குன்னம் பக்கம், பேர் கொளஞ்சியம்மாள், பருத்திக்காட்டு வேலை. ஏட்டு எழுதிக்கொண்டார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, யார் ஏவினது என்று கேளுங்கள், கேளுங்கள் என்றே முனகிக்கொண்டிருந்தார் பாலசுந்தரம்.

அவள் மடியை அவிழ்த்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்தாள். தனக்குப் படிக்கத் தெரியாது, ஊரில் ஒருத்தர் படித்துச் சொல்லிக் கோடு போட்டுக் கொடுத்தார், எழுதின ஆளை இங்கே டீக்கடையில் காட்டினார்கள் என்றாள். "அந்த எடத்தைப் படிங்க."

ஏட்டு படித்தார். 'மகனுக்குத் தூக்கு என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். தாய் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் மரம் மாதிரி நிற்கிறாள். பெற்றவள் எவளாவது இப்படி நிற்பாளா? அவள் தாயே இல்லை.'

அவள் பாலசுந்தரம் பக்கமே திரும்பவில்லை. ஏட்டைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"பட்டாளத்துல எம்மவனுக்குத் தூக்குன்னு சொன்னப்ப, நானும் அழுவலைங்க."