பழுப்பு உறைக்குள்

மருந்து கலக்கும் அறையிலிருந்து தட்டோடு வந்தவனைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் மனைவி வழிமறித்தாள்.

தட்டில் நரம்பு வழியாக ஏற்றுகிற பைகள் இரண்டு. இரண்டுக்கும் ஒரே மாதிரி பழுப்பு உறை, மேலே ஓர் எண். உள்ளே இருப்பது புது மருந்தா, வெறும் உப்புத் தண்ணீரா என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கும் தெரியாது, பெரிய டாக்டரையும் சேர்த்துத்தான். ஆராய்ச்சி என்றால் அப்படித்தானாம். யாருக்கு எது என்று கணினி குலுக்கிப் போடும். கலந்து உறை போடுகிற அவனுக்கு மட்டும் தெரியும்.

இன்று ஒரு பை அவன் மச்சினனுக்கு.

மனைவியின் ஒரே தம்பி. காலில் பட்ட சின்னக் காயம், தானே ஆறிவிடும் என்று அலட்சியமாக விட்டவன். கிருமி ரத்தத்தில் ஏறி, முதலில் சிறுநீரகம் படுத்தது, நேற்று நுரையீரல். புது மருந்து என்று காதில் விழுந்ததும் அவள் ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டாள். அவள் பக்கத்தில் நின்ற அவன் தடுக்கவில்லை.

சொந்தக்காரர் யாராவது சேர்ந்தால் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அவன் சொல்லவில்லை. யார் கலந்தாலும் குலுக்கலில் விழுந்ததுதான் போகும். ஆனால் என்ன விழுந்தது என்று தெரியாமல் அவனால் இருக்க முடியவில்லை. காலையிலிருந்து ஓரிடத்தில் நிலைகொள்ளாமல், கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான்.

"எதுன்னு நீங்க சொல்ல வேணாம். ஒரே ஒரு தடவ என்னைப் பாருங்க, போதும்."

அவளுக்குத் தெரியும், அந்த முகத்துக்குப் பொய் சொல்ல வராது. சீட்டாட்டத்தில் அவனுக்கு ஜோக்கர் விழுந்தால் எதிரில் இருக்கிற குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

அவன் பார்த்தான். அடக்கப் பார்த்தும் முடியாமல் சிரித்துவிட்டான்.

அவள் அப்படியே நாற்காலியில் சரிந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்து நாற்காலிப் பெண் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்தப் பெண்ணின் கணவனும் உள்ளேதான் கிடந்தான். ஒரே ஃப்ளாஸ்க்கில் டீ குடித்துச் சிநேகமானவர்கள் இருவரும்.

மச்சினனுக்கு விழுந்திருந்தது உப்புத் தண்ணீர்.

ஆனால் சிரிப்பு பொய்யில்லை. கொஞ்ச நாளாகவே அவன் ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தான். உப்புத் தண்ணீர் போனவர்கள் ஒவ்வொருவராகத் தேறி வார்டுக்கு மாறினார்கள். மருந்து போனவர்களின் படுக்கைகள்தான் வேறு விதமாகக் காலியாயின. தற்செயலாக இருக்கலாம், ஆராய்ச்சிக் குழு கூடிக் கணக்குப் பார்க்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி நாளை ஓட்டினான். இன்று குலுக்கல் தன் வீட்டை விட்டுவிட்டது என்றதும் உடம்பே லேசாகிவிட்டது. அவனுக்கே அது வெட்கமாக இருந்தது.

பக்கத்து நாற்காலிப் பெண் எழுந்து அவனிடம் வந்தாள். அவளும் அந்தச் சிரிப்பைப் பார்த்திருந்தாள்.

"அண்ணா, எங்க வீட்டுக்காரருக்கும் அதையே போடுங்கண்ணா."

தட்டில் இருந்த இன்னொரு பை அவள் கணவனுடையது. அதற்குள் இருந்தது மருந்து.

கதவு திறந்தது. நர்ஸ் தட்டுக்காகக் கையை நீட்டினாள்.

அவன் கொடுக்கவில்லை.