வேண்டாத மாத்திரை

தம்போய் ஊரிலிருந்த வீட்டில், பிள்ளை பெற்று வந்து வலியில் படுத்திருந்த தேன்மொழியிடம் மாமியார் ராஜம்மா வலி மாத்திரையை நீட்டினார்.

“வேணாம் அத்தை, வயித்துல புண்ணு வரும்.”

“பார்மசியில எல்லாரும் வாங்குறதுதான் லா! தலைப்பிரசவம், உனக்கென்ன தெரியும்? முழுங்கு.”

“மாட்டேன். போன பிரசவத்துல இதே மாத்திரையால வயிறு புண்ணாகி ரத்த வாந்தி எடுத்தேன்.”

ராஜம்மாவின் கை அப்படியே நின்றது. “போன பிரசவமா?”

தேன்மொழி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஆமா. சாஆ ஊருல எங்கம்மாகிட்ட வளர்ற யாழினி என் தங்கச்சி இல்ல, கல்யாணத்துக்கு முன்னாடி நான் பெத்த மக. உங்க மகனுக்குத் தெரியும். உங்களுக்குப் பயந்து மறைச்சோம். இனிமே மறைக்க மாட்டேன்.”

கதவருகே நின்ற கணவன் தீபனிடம் திரும்பினாள். “போய்க் கூட்டிட்டு வாங்க. அவளும் இங்கதான் வளருவா.”

அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தீபன் கார் சாவியை எடுத்தான்.