ஹேங் ஆகாத பெட்டி

மூன்றாவது மென்பொருளும் ஹேங் ஆகவில்லை.

ஹைதம் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, வழுக்கையைத் தடவிக்கொண்டான்.

"கம்ப்யூட்டர் ஹேங் ஆகுதுன்னு எங்கிட்ட வந்து அழுதவங்க எத்தனையோ பேர். ஹேங் ஆகலைன்னு அழற மொத ஆளு நீங்கதான், ஹாஜ்."

"நான் அழலை. புகார் சொல்றேன்," என்றார் ஃபிக்ரி.

அலெக்ஸாண்டிரியாவில் திருப்புளி பிடித்தவன் எல்லாம் எஞ்சினியர். ஹைதம் போன வருடம் வரை செருப்பு விற்றவன். இப்போது தெருவே அவனை எஞ்சினியர் என்கிறது. பெற்ற தாயும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அவனுக்குக் கொடுத்த வேலை சின்னதுதான். ஃபிக்ரியின் பழைய கணினியை, அதன் விளையாட்டோடும் கிறுக்கோடும், துபாயிலிருந்து மகன் அனுப்பிய புது மடிக்கணினிக்குள் குடிவைக்க வேண்டும். கணினிக்குள் ஒரு கணினி. அதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் மாலை கழிந்துகொண்டிருந்தது.

முதலாவது இலவசம். பழைய பெட்டியை அப்படியே எழுப்பி உட்காரவைத்தது. ஆனால் ஓட்டம் குதிரை ஓட்டம். ஃபிக்ரி உதட்டைப் பிதுக்கினார்.

இரண்டாவதற்குக் காசு. அது இன்னும் வேகம்.

"காசு குடுத்து வேற கெடுத்துக்கணுமா?" என்றார்.

மூன்றாவதில் திருகுகள் அதிகம். நினைவகத்தைச் சுருக்கலாம், வேகத்தின் கழுத்தை நெரிக்கலாம். ஹைதம் மனச்சாட்சி இடம் கொடுத்தவரை நெரித்தான். பெட்டி பழைய நடைக்கு வந்தது. அந்தக் காலத்தில் பொத்தானை அழுத்திவிட்டு டிராம் ஏறினால் கடைசி நிறுத்தமான விக்டோரியா வரை போய்த் திரும்பிவிடலாம். மேல்மாடி அவாதிஃப் ஒரு தடவை, திரையில் முதல் படம் தெரிவதற்குள் கோஸ் இலையில் அரிசி வைத்து ஒரு பானை மஹ்ஷியைச் சுருட்டி, வேகவைத்து, இறக்கியும் விட்டாள். ஃபிக்ரியே அதில் தின்றிருக்கிறார்.

பெட்டி ஊர்ந்தது. ஆனால் நிற்கவில்லை.

ஃபிக்ரிக்கு வேண்டியது அது நிற்பதுதான்.

பழைய பெட்டியில் மாலைதோறும் டாவ்லா ஆடுவார். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் கணினி, நடுவில் பகடை. ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் படம் உறைந்துவிடும். தோற்கப்போவது தெரிந்தால் பெட்டி செத்த மாதிரி நடிக்கிறது என்பது அவர் கட்சி. அதன் வம்சத்தையே இழுத்து அவர் திட்டிக்கொண்டிருக்கும்போது, மனைவி இன்ஷிராஹ் வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருவாள்.

"விடுங்களேன். அதுக்கும் ரோஷம் இருக்காதா?"

பிறகு பேச்சுதான். அவாதிஃபின் மருமகள், மீன் விற்கிற விலை, மகன் போன் பண்ணாதது, பண்ணியும் ஒன்றும் சொல்லாதது. அவர் பொத்தானை மறுபடி அழுத்தும்வரை அவள் எழுந்து போகமாட்டாள். அவரும் சீக்கிரம் அழுத்துகிற ஆள் இல்லை.

இன்ஷிராஹ் போய்ச் சேர்ந்து இரண்டு ரமலான் கடந்துவிட்டது. பெட்டியும் பழைய சாமான் வண்டியில் ஏறிவிட்டது. அதன் ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றிவைத்துக்கொண்டார்.

ஹேங் ஆனதும் அவள் வந்து உட்காருவாள் என்று நம்பும் அளவுக்கு அவருக்கு மூளை கலங்கிவிடவில்லை. ஹேங் ஆனால் பக்கத்தில் திரும்பிப் பார்க்க ஒரு காரணம் கிடைக்கும். புது மடிக்கணினி அந்தக் காரணத்தைக்கூடத் தர மறுக்கிறது.

"நாலாவதா ஒண்ணு இருக்கு," என்று ஹைதம் எழுந்தான். "ஆனா டீ உள்ள போனாத்தான் இனிமே என் தலை ஓடும். நீங்க உக்காருங்க ஹாஜ், நானே போட்டுக்கறேன்."

ஃபிக்ரி தடுக்கவில்லை. டீக்குக் கீழே கடைக்குப் போய்ப் பழகிவிட்டவர் அவர். இந்த வீட்டில் யாரும் டீ போட்டு நாளாகிவிட்டது.

வெளியே மழை. ஜன்னல் இருட்டிக்கிடந்தது. சமையலறையில் மின்சாரக் கெட்டிலின் பொத்தான் டக்கென்றது.

மேசைக்கு மேலிருந்த விளக்கு சுருங்கிச் சிவந்தது. ஃப்ரிட்ஜ் ஒருமுறை முனகி அடங்கியது. மடிக்கணினி மட்டும் தன் பேட்டரித் தெம்பில், எதுவுமே நடக்காதது போலப் பகடையை உருட்டியது.

"என்ன ஹாஜ் இது," உள்ளேயிருந்து ஹைதமின் குரல். "இந்தக் கெட்டிலைப் போட்டா வீடே மயங்கி விழுது. உங்க பழைய பெட்டி எப்படித் தாங்குச்சு?"

அது தாங்கவில்லை.

இன்ஷிராஹ் ஒருநாளும் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்ததில்லை. இரண்டு கண்ணாடித் தம்ளர், இரண்டிலும் இதே கெட்டிலில் போட்ட புதினா டீ.

பெட்டி நின்றதால்தான் அவள் வந்தாள் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தார். அவள் வரப்போகிறாள் என்பது பெட்டிக்கு முன்பே தெரிந்திருக்கிறது. திட்டுகிற மும்முரத்தில் அவர் விளக்கை எங்கே பார்த்தார்.

ஹைதம் டீயோடு வந்தபோது ஃபிக்ரி மடிக்கணினியைக் கவிழ்த்துப் போட்டு அதன் அடிவயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மென்பொருள் எதுவானாலும் சரி, எஞ்சினியர். உன் இஷ்டம். இந்தப் பேட்டரியை மட்டும் கழட்டிடு."

"கழட்டினா, யாராவது கெட்டிலைப் போட்டதும் இது பொட்டுன்னு நின்னுடுமே ஹாஜ்."

"நிக்கட்டும்," என்றார் ஃபிக்ரி. "யார் போடுவாங்கன்னு மட்டும் கேக்காதே."