எஃப் வயர்

முள் மறுபடியும் இடப்பக்கம் சாய்ந்தது.

அவர் மோட்டார் சைக்கிள் இன்ஜினை அணைத்தார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். சட்டையில் இருந்த கிரீஸ் நெற்றிக்கு வந்தது.

வலப்பக்கம் சாய்ந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறது. இடப்பக்கம் என்றால் இறங்குகிறது. ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் அந்தச் சின்ன மீட்டருக்கு இந்த இரண்டைத் தவிர வேறு எதுவும் தெரியாது. மூன்று வாரமாக அது ஒரே பதிலைத்தான் சொல்கிறது.

திங்கள் மதியம்.

நாளை காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரியில் அவர் மனைவியின் முறை.

செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம். மெஷின் அவள் ரத்தத்தை எடுத்து, சுத்தம் செய்து, திருப்பித் தரும். இரண்டு வருடமாக அவளுக்குச் சிறுநீரகம் அந்த மெஷின்தான்.

இருபத்தாறு கிலோமீட்டர். முதல் பஸ்ஸே எட்டு மணிக்குத்தான். ஆட்டோ பேசலாம் என்றால் அவள் ஒத்துக்கொள்வதில்லை.

“உங்க வண்டின்னா வர்றேன். ஆட்டோ குலுக்குற குலுக்குல இடுப்பு விட்டுப் போகும்.”

அதைக் கேட்டு அவருக்குப் பெருமை வேறு. எழுபத்தாறாம் வருட வண்டி. அது மட்டும் குலுக்காதா என்ன? அவர் அதை யோசிக்கவே இல்லை.

இந்த மாதம் இரண்டு முறை வழியில் நின்றுவிட்டது. இரண்டு முறையும் செங்கல் சூளைக்குப் பக்கத்தில். விடியாத நேரம், ஹெட்லைட் போட்டே ஆகவேண்டும். டைனமோ கரண்ட் கொடுக்காமல் பேட்டரி எவ்வளவு தூரம் தாங்கும்? விளக்கு மங்கியது, இன்ஜின் இருமியது, அவ்வளவுதான்.

இரண்டு நாளும் அவள் முறை தவறிப்போனது.

அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சூளையின் சூட்டில் கைகளைக் காட்டிக்கொண்டு நின்றாள். வீடு திரும்பியதும் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். சாயங்காலம் கால் வீங்கியது. அதையும் சொல்லவில்லை.

அவர்தான் தன்னைத் திட்டிக்கொண்டார். முப்பத்தைந்து வருடம் ஊர் மோட்டாருக்கெல்லாம் காயில் கட்டிய கை. சொந்த வண்டியைச் சரிசெய்ய முடியவில்லை.

பேட்டரி புதிது போட்டார். எர்த் வயரை மாற்றினார். ரெகுலேட்டரைத் திறந்து முனைகளைத் தேய்த்தார். பிறகு ரெகுலேட்டரையே மாற்றினார்.

முள் இடப்பக்கம்.

அலுத்துவிட்டது. இந்த வண்டி, இந்த முள், செவ்வாய், வியாழன், சனி, எல்லாமே அலுத்துவிட்டது. வாய்விட்டுச் சொல்ல ஆளில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் உள்ளே கட்டிலில் படுத்திருந்தாள். அவளிடம் இதைச் சொல்ல முடியுமா?

டைனமோவையே கழற்றிக் காயில் கட்டிவிடுவது என்று முடிவெடுத்தார்.

அதில் இரண்டே வயர். டி, எஃப். இரண்டும் அவர் கையால் முடுக்கியவை. தான் முடுக்கிய ஸ்க்ரூவை எந்த மெக்கானிக் சந்தேகப்படுவான்? முதலில் பார்க்க வேண்டியதைக் கடைசியில் பார்ப்பதற்கும் நிறைய அனுபவம் வேண்டும்.

எஃப் வயரின் செம்பு முனையில் வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது.

நகத்தால் உரித்தார்.

பிளாஸ்திரி. மெஷினிலிருந்து ஊசியை எடுத்ததும் ரத்தம் நிற்க நர்ஸ் அவள் கையில் ஒட்டி அனுப்புவது. ஒழுங்காக மூன்று சுற்று. அதற்குமேல் ஸ்க்ரூ இறுக்கமாக. வயர் அதன் இடத்தில்தான் இருந்தது, கரண்ட் மட்டும் போக வழியில்லை.

அவர் வாயை மூடிக்கொண்டு வேலை செய்யத் தெரியாதவர். அவள்தான் எப்போதும் டார்ச் பிடிப்பாள். இந்த எஃப் வயர் விட்டுப்போனால் டைனமோ இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான் என்று எத்தனை தடவை அவளிடம் சொல்லியிருப்பார்.

முதலில் கோபம் வந்தது. எழுந்து உள்ளே போய்க் கத்தவேண்டும் போலிருந்தது.

சூளைக்கு முன்னால் அவள் நின்றது ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடம் லீவு விட்ட பிள்ளை மாதிரி நின்றாள். அந்த முகத்தை அவர் இரண்டு வருடமாகப் பார்த்ததில்லை.

பிறகு கோபம் வரவில்லை. பயமாக இருந்தது.

முனையைச் சுத்தம் செய்தார். வயரை மாட்டி முடுக்கினார். கிக்கரை மிதித்தார். இரண்டாவது மிதியில் இன்ஜின் பிடித்தது. கொஞ்சம் முறுக்கினார்.

முள் எழுந்து வலப்பக்கம் போய் நின்றது.

சத்தம் கேட்டு அவள் வாசலுக்கு வந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சார்ஜ் ஏறுதா?”

பரீட்சை முடிவு கேட்பவள் போலக் கேட்டாள்.

அவர் இன்ஜினை அணைத்தார்.

“ஏறலை” என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளைப் பிளாஸ்திரியைப் பார்த்தாள். மெதுவாக இறங்கி வந்து படியில் உட்கார்ந்தாள். அவரும் துணியில் கையைத் துடைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தெருவில் தண்ணீர் லாரி ஒன்று போனது.

“சரிபண்ணட்டுமா, தவமணி?”

அவள் இடது கையை மடியில் வைத்திருந்தாள். ஊசி ஏறி ஏறி அது முழங்கைக்குக் கீழே மேடு தட்டியிருந்தது. அதை வலது கையால் தடவிக்கொண்டே இருந்தாள்.

“புதன்கிழமை சாயங்காலம் பண்ணுங்க” என்றாள்.