கனமான கோல்

தூண்டில் கடையின் ஜன்னல் வெயிலில் மீன்பிடி கோலின் வளையங்கள் மின்னுகின்றன. சின்ன மீன்களை வேட்டையாடும் பெரிய மீனைப் பிடிக்க, இறகால் கட்டிய உள்ளங்கை நீளப் பொய்மீனை இரையாக வீச வேண்டும். அதற்குக் கனமான கோல்தான் தாங்கும். கோல் வாங்க வந்த வேன் ஓட்டுநர் அதை வெறுமனே வீசிப் பார்க்கிறார். பாதியிலேயே வலக்கை துவண்டு நுனி ‘டக்’கென்று தரையில் இடிக்கிறது. நரம்பு நோய் மணிக்கட்டுவரை ஏறிவிட்டது. டாக்டரும் போன வாரம் கையை விரித்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வீசுகிறார். மறுபடியும் அதே சத்தம். “லேசானதா ஒண்ணு எடுத்துக்கங்களேன், சார்,” என்கிறார் கடைக்காரர். “அது சின்ன மீனுக்குத்தானே?” கடைக்காரர் மேசையைத் துடைக்கிறார். கூட வந்திருந்த மனைவி நெருங்கி வந்து, அவர் கையைத் தன் கையால் பொத்திக் கோலோடு சேர்த்துப் பிடிக்கிறாள். “கனமானதையே கட்டுங்கண்ணே. இவரு கை ஓயறப்ப நான் பிடிச்சுக்கறேன்.” அவள் உள்ளங்கைக்குள் அவர் விரல்கள் மடங்கப் பார்க்கின்றன, மடங்கவில்லை.