பந்தலடிப் படிப்பு

"மரமேசை வாங்கிட்டு வாங்கன்னா, எதுக்கு இந்த ஓட்டை இரும்பு மேசை? கை வச்சாலே கடகடங்குது."

தேவயானி இடுப்பில் கை வைத்து நின்றாள். லோடு ஆட்டோவிலிருந்து பழைய மேசையை இறக்கிக்கொண்டிருந்த பிச்சைமணி, மனைவியின் முகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"மரம்னா கரையான் பிடிக்கும். இது அபிதா பேரன் பேத்தி எடுக்குற வரைக்கும் கெடக்கும்."

கஞ்சன் புத்தி போகாது என்று தேவயானி முணுமுணுத்துக்கொண்டாள். மகள் பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் அவளுக்கென்று படிக்க ஓர் இடம் கிடையாது. டிவி ஓடும் கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு கையில் புத்தகமும் மறு கையில் செல்லுமாக அபிதா படித்த லட்சணம், அரையாண்டில் அறிவியல் முப்பத்தெட்டு மதிப்பெண்ணில் வந்து நின்றது. வீட்டில் அமைதியாக ஓர் இடம் ஒதுக்கிக் கொடுங்கள் என்று ஜெஸ்லின் டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார்.

தேவயானி ஒரே முடிவாக இருந்தாள். அடுத்த திருப்புதல் தேர்வில் எழுபது வாங்காவிட்டால் தேனியில் ஹாஸ்டல். அபிதா இரண்டு நாள் சாப்பிடாமல் அழுது பார்த்தாள். ஒற்றை மகளை அனுப்பிவிட்டு இருக்க தேவயானிக்கு மட்டும் மனசு வருமா என்ன? அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று அவளும் அழுதாள். ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

"கூடத்து மூலையில போடுங்க."

"அங்கன டிவி."

"அப்ப உள் ரூமுல."

"அங்கன காத்து வராது. புள்ள தூங்கிரும்."

பிச்சைமணி மேசையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தார். வீட்டை ஒட்டியே அவர்களுடைய ஒன்றரை ஏக்கர் திராட்சைத் தோட்டம். காய் கறுக்கத் தொடங்கியிருந்த பந்தலுக்கு அடியில் மேசையைப் போட்டு, பக்கத்தில் நாற்காலியையும் போட்டார்.

"நெழலு இருக்கு, காத்து இருக்கு. டிவி இல்ல, செல்லுக்கு டவரும் இல்ல. இதவிட என்ன வேணும்?"

தேவயானி விளக்குமாற்றை எடுத்து வந்து மேசைக்கு அடியில் கூட்டினாள்.

மகள் எத்தனாவது படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கிற மனிதர், மறுநாளிலிருந்து வாத்தியாராகவே மாறிவிட்டார். விடிந்தும் விடியாமலும் மகளை எழுப்பிப் பந்தலுக்கு அனுப்பினார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காபியைக் கையில் கொடுத்து, பொழுது சாயும் வரை மறுபடியும் உட்கார வைத்தார்.

"மனசுக்குள்ள முனகாத ஆத்தா. வாய் விட்டுப் படி. அப்பத்தான் மண்டையில ஏறும்."

அபிதா வாய் விட்டுப் படித்தாள். ஒளிச்சேர்க்கையும் நியூட்டன் விதியும் பந்தல் முழுக்க முழங்கின. செய்யுள் வந்தால் ஸ்கேலால் மேசையில் தட்டித் தாளம் போட்டுப் படிக்கச் சொன்னார். அந்தத் தாளம் காமயகவுண்டன்பட்டி ரோட்டில் போகிற டவுன் பஸ்ஸுக்கே கேட்டது.

நாலு நாளைக்கு ஒரு தரம் மேசை இடம் மாறியது. இன்றைக்குக் கிணற்றோரம் என்றால் அடுத்தது தெற்கு மூலை.

"ஒரே எடமா இருக்கணும்னு டீச்சர் சொன்னாகளே," என்றாள் தேவயானி.

"டீச்சருக்கு நம்ம தோட்டத்துல எந்தப் பக்கம் காத்து அடிக்குதுன்னு தெரியுமா? நீ சும்மா கெட."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மகளுக்காக மேசை சுமக்கிற புருஷனைப் பார்க்கப் பார்க்க தேவயானிக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

திருப்புதல் தேர்வு முடிந்தது. விடைத்தாளோடு ஓடி வந்தாள் அபிதா. அறிவியலில் எழுபத்தெட்டு. தேவயானி அதை இரண்டு தரம் பார்த்தாள். பிறகு பீரோவில் வைத்திருந்த ஹாஸ்டல் விண்ணப்பத்தை எடுத்து நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்தில் திராட்சை வெட்டு. வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு. புருஷன் தட்டில் ஈரலையும் நெஞ்சுக்கறியையும் தேடித் தேடிப் போட்டாள் தேவயானி.

"ஒங்கள நான் தப்பா நெனச்சிட்டேங்க. கஞ்சத்தனம் பண்றீக, புள்ள மேல அக்கறையே இல்லன்னு மனசுக்குள்ள வஞ்சேன். ஹாஸ்டலுக்குப் போகாம எம் மகளக் காப்பாத்துனது நீங்கதான்."

"பெத்த புள்ளைக்குச் செய்யுறதுல என்ன இருக்கு," என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, பிச்சைமணி இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார்.

பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டுக் கம்பம் வியாபாரி கோட்டைச்சாமி உள்ளே வந்தார். அவருக்கும் தட்டு வைத்தாள் தேவயானி.

"அண்ணே, இந்த மாதிரி சுத்தமான சரக்க இந்த வருசம் நான் வேற எங்கனயும் பாக்கல," என்றார் கோட்டைச்சாமி. "பக்கத்துத் தோட்டத்துல எல்லாம் காலையிலயும் சாயங்காலமும் கிளி எறங்கி, பாதிப் பழத்தக் கொத்திருச்சு. ஒங்க பந்தல்ல ஒரு குலையில கூட வாய் வைக்கலையே."

பிச்சைமணிக்குப் புரையேறியது. தண்ணீரை நீட்டிய தேவயானியின் கை பாதியில் நின்றது.

"மொதல்ல சாப்பிடப்பா, ஆறிப் போகும்," என்றார் பிச்சைமணி.

கோட்டைச்சாமி விடுவதாக இல்லை.

"ஆள் கெடைக்காத நேரத்துல, காவலுக்கு யாரண்ணே போட்டீக?"